களவு போன அப்பாவின் வயலின் – பதில்

வெள்ளவத்தையில் நிறுத்திய காருக்குள் இருந்து அப்பாவின் வயலின் களவு போனதையும், உள்ளே ஒட்டியுள்ள ‘ஸ்ட்ராடிவேரியஸ்’ லேபலை வைத்துத் தேடலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த லேபல் உதவாது. அது பழைய இத்தாலிய வயலின் கைவினைஞர் ஒருவரின் பெயர், அதே பெயரை ஒட்டிய தொழிற்சாலை வயலின்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. மேற்பலகையின் மரக்கோடுகள்தான் அடையாளம், கைரேகை மாதிரி. பழைய கச்சேரிப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், கீறல், மாற்றிய பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) எல்லாம் தெரியும்.

பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதியை வைத்திருங்கள். அப்புறம் இக்மன், பேஸ்புக் விற்பனைப் பக்கங்களை மாதக்கணக்கில் கவனிக்க வேண்டும். கண்டால் தனியாகப் போய்ப் பேரம் பேசாதீர்கள். விளம்பரத்தின் படத்தோடு பொலிஸுக்குப் போங்கள். வயலின் திருத்துபவர்களிடமும் சொல்லி வையுங்கள், தந்தி அறுந்தால் அங்கேதான் வரும். 1936இல் நியூயோர்க் கார்னகி ஹோலில் வயலின் கலைஞர் ஹூபர்மன் பறிகொடுத்த நிஜ ஸ்ட்ராடிவேரியஸ் 1980களில்தான் வெளியே வந்தது. (இது ஆறுதலா என்று கேட்காதீர்கள்!)

இரவல் வயலின் வாசிப்பது அப்பாவுக்குச் செய்யும் துரோகம் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்கி வாசியுங்கள். அந்த வயலினின் கழுத்தின் தடிப்பு வேறாக இருந்தால் சுருதி கொஞ்சம் விலகும், அழுகையும் வரலாம். சரி, அவருக்குப் பிடித்த ராகங்களை இப்போதைக்கு விட்டுவிட்டு சரளி வரிசையில் தொடங்குங்கள்.