சென்னை முதல் டொரண்டோ வரை: 15 மணி நேரமா, 22 மணி நேரமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. தங்கையின் பிரசவத்துக்காக ஜூன் மாதம் முதன்முறையாக டொரண்டோ போகிறார். சென்னையிலிருந்து 13,400 கி.மீ., 15 மணி நேரம் என்று இணையத்தில் இருக்கிறது. டிக்கெட்டுகளோ 21, 22 மணி நேரம் காட்டுகின்றன. எது சரி? எந்த வழியாக அனுப்பலாம்?

பதில்: தூரம் சரிதான். அதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்து வந்ததுதான் அந்த 15 மணி. ஆனால் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேரடி விமானம் கிடையாது. டிக்கெட்டில் இருப்பதையே நம்புங்கள்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சென்னை 80 பாகை கிழக்கில், டொரண்டோ ஏறக்குறைய 80 பாகை மேற்கில். அதனால் நூல் மேற்கே போகாமல் வடக்கே ஏறும். டெல்லிப் பக்கமாகப் போய், ரஷ்யா, ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்து என்று சுற்றி இறங்கும். ஆகவே டெல்லியில் மாறினால் கூடுதல் தூரம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் விமானங்கள் இந்த நூலின் மேலேயே பறக்க முடிவதில்லை. ரஷ்ய வான்வெளி 2022-இல் கனடா விமானங்களுக்கும், பாகிஸ்தான் வான்வெளி 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கும் மூடப்பட்டன. சுற்றிப் போகும்போது நேரம் கூடும்.

துபாய் வழியாகப் போனால் 2,930-உம் 11,080-உம் சேர்ந்து சுமார் 14,000 கி.மீ. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக 7,590-உம் 6,340-உம் சேர்ந்து 13,930. பெரிய வித்தியாசமே இல்லை, பாருங்கள். மொத்த நேரம் நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதில்தான் கூடும், குறையும்.

உங்கள் அம்மாவுக்கு நான் ஃபிராங்க்ஃபர்ட்டைத்தான் சொல்வேன். துபாய் வழியில் முதலில் 4 மணி நேரம், அப்புறம் ஒரே மூச்சில் 14 மணி நேரம் உட்கார வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் வழியில் அதுவே 10, எட்டரை என்று பிரிகிறது. ஒரே மூச்சில் உட்காரும் நேரம் 14-இலிருந்து 10 ஆகக் குறைவது மூட்டுவலிக்காரருக்குப் பெரிய விஷயம். கால் வீங்காமல், ரத்தம் உறையாமல் இருக்க இடையிடையே எழுந்து நடக்கவும் வேண்டும். நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும்; நடுவில் 3 மணி நேரம் கிடைத்தால் நல்லது. ஒன்றரை மணி நேரம் என்றால் விலை குறைவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரம் என்பதையும் தங்கையிடம் சொல்லிவையுங்கள். ஜூனில் டொரண்டோ நமக்கு 9.30 மணி நேரம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் 10.30. அதிகாலை 2 மணிக்குக் கிளம்பி 22 மணி நேரம் பயணம் செய்தாலும், அம்மா இறங்குவது அங்கே அதே நாள் பிற்பகல் 2.30 மணிக்கு. திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், அட்லாண்டிக் தாண்டும் நேரம் ஒரு மணி வரை குறையும். ஆனால் சென்னை வந்து சேரும் தேதி கிளம்பிய நாளாக இருக்காது.