“அமெரிக்கக்காரி” என்று சிரிக்கிறார்கள்

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் பல வருடங்கள் இருந்துவிட்டு, கணவரின் வேலை மாற்றத்தால் சென்ற ஆண்டு மான்செஸ்டருக்கு வந்தோம். மகளுக்கு 13 வயது. அங்கேயே பிறந்து வளர்ந்தவள். இங்கே பள்ளியில் அவள் வாய் திறந்தாலே அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்களாம். “உங்கள் வீட்டில் எத்தனை துப்பாக்கி?”, “மூன்று வேளையும் பர்கர்தானா?” என்று தினமும் கேள்வி. ஒரு பையன் “உங்கள் ஊரில் பள்ளி மணி அடித்தால் ஓடி ஒளிய வேண்டுமாமே” என்று கேட்டுவிட்டு, விரலைத் துப்பாக்கிபோல் நீட்டிக் காட்டியிருக்கிறான். இப்போதெல்லாம் அவள் வகுப்பில் கையைத் தூக்குவதே இல்லை. என் அலுவலகத்திலும் “உங்கள் அமெரிக்கர்கள் இருக்கிறார்களே” என்றுதான் பேச்சு தொடங்குகிறது. நானோ மதுரைக்காரி! கணவர், “இது இவர்கள் பழக்கம், சிரித்துவிட்டுப் போ” என்கிறார். லண்டனில் இருபது வருடமாக இருக்கும் அவருடைய அண்ணனும், “அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளை, சத்தமாகத்தான் இருக்கும்” என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார். உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று பேசும் இந்த பிரிட்டிஷ்காரர்களுக்கு அமெரிக்கர்கள்மேல் ஏன் இவ்வளவு வெறுப்பு? நாங்கள் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மான்செஸ்டர்

பதில்: சகோதரி, வெறுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவ்வளவு நேரான சங்கதியாக எனக்குப் படவில்லை. நம் பக்கத்தில் பங்காளிக் காய்ச்சல் என்போமே, அந்த ரகம் இது. ஒரே பாட்டன் சொத்து, ஒரே மொழி. 1776இல் சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போன தம்பி, கண்ணெதிரே பெரிய ஆளாகிவிட்டான். அண்ணன் வீட்டுத் திண்ணையில் என்ன பேசுவார்கள்? “காசு இருக்கிறது, பண்பு ஏது?” என்றுதான்.

அந்தத் திண்ணைப் பேச்சுக்கு வயது இருநூறை நெருங்குகிறது. 1820களின் கடைசியில் பிரான்சிஸ் டிரோலப் என்ற ஆங்கிலப் பெண்மணி சின்சினாட்டி நகருக்குப் போய் வியாபாரம் தொடங்கி நொடித்துப்போனார். ஊர் திரும்பி 1832இல் அமெரிக்கர்களின் பழக்கவழக்கங்களைத் தோலுரித்து ஒரு புத்தகம் வெளியிட்டார். கண்ட இடத்தில் புகையிலைச் சாறு துப்புகிறார்கள், சாப்பாட்டை அள்ளி அவசரமாக விழுங்குகிறார்கள் என்றெல்லாம் எழுதினார். பிரிட்டனில் அது நன்றாக விற்றது. போட்ட முதல் மூழ்கிப்போன ஊரைப் பற்றி யார்தான் மெச்சி எழுதுவார்கள்? பத்து ஆண்டுகள் கழித்து சார்லஸ் டிக்கன்ஸ் போனார். ராஜ வரவேற்பு கிடைத்தது. அவருக்கோ, தம் நாவல்களை இவர்கள் ஒரு காசும் கொடுக்காமல் அச்சடித்து விற்கிறார்களே என்ற எரிச்சல். அவரும் திரும்பி வந்து எச்சில் புராணம் பாடினார். சொந்தக் கணக்கில் விழுந்த துண்டுக்கு ஒரு நாட்டையே பொறுப்பாக்குவது அப்போதே ஆரம்பித்துவிட்டது.

காய்ச்சல் உச்சத்துக்கு ஏறியது இரண்டாம் உலகப் போரில்தான். 1942 முதல் அமெரிக்க வீரர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். 1944இல், நார்மண்டிக்குக் கிளம்பும் சமயத்தில், பிரிட்டனில் இருந்தவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். உங்கள் மான்செஸ்டருக்குப் பக்கத்திலேயே, வாரிங்டன் அருகே பர்ட்டன்வுட்டில், அவர்களுடைய மாபெரும் விமானத் தளம் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் வெண்ணெய்க்கும் முட்டைக்கும் ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்ற காலம் அது. வந்தவர்கள் கையில் சாக்லேட், சிகரெட், நைலான் காலுறை. பிரிட்டிஷ் சிப்பாயின் சம்பளத்தைப்போல் பல மடங்கு அவர்களுக்கு. “சம்பளம் கூடுதல், சரசம் கூடுதல், போதாக்குறைக்கு நம் ஊரில் வேறு” என்று அவர்களைப் பற்றி ஒரு நையாண்டி நாடெங்கும் பரவியது. அமெரிக்கர்கள் அழுதார்களா? இல்லை. “உங்களுக்குச் சம்பளம் குறைச்சல், சரசம் குறைச்சல், அதிலும் ஐசனோவருக்குக் கீழே வேறு” என்று, தங்கள் தளபதியின் பெயரையும் இழுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு வரிகளும் இன்றுவரை சேர்ந்தே புழங்குகின்றன. உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

போருக்குப் பின் நடந்ததும் அண்ணன் வீட்டாருக்கு இனிக்கவில்லை. 1946இல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். அதன் கடைசித் தவணையைக் கட்டி முடித்தது 2006 டிசம்பரில்! 1956இல் சூயஸ் கால்வாயைப் பிடிக்கப் படையோடு போனார்கள். வாஷிங்டன் பணத்தைக் காட்டி மிரட்டியதும் திரும்ப வேண்டியதாயிற்று. 2003இல் அமெரிக்காவோடு சேர்ந்து இராக் போருக்குப் போகாதே என்று லட்சக்கணக்கானவர்கள் லண்டன் தெருக்களில் இறங்கியும் அரசு போனது. யாருக்குக் கடன்பட்டோமோ, யார் சொல்லுக்கு ஆடினோமோ, அவனைக் கேலி செய்யும் உரிமையாவது நமக்கு மிச்சம் இருக்கட்டும் என்ற மனநிலை இது. உங்கள் அலுவலகத்தார் டீ குடித்துக்கொண்டே பேசுவதில் பெரும்பங்கு இதுதான். அவர்கள் மனத்தில் உள்ள அமெரிக்கா ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு வெள்ளை மாளிகை, புளோரிடாவில் கழித்த ஒரு விடுமுறை. அதில் நீங்கள் இல்லை. “நான் மதுரைக்காரி, அடுத்த குற்றச்சாட்டை வாஷிங்டனுக்கே அனுப்பிவிடுங்கள்” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நீங்களும் சிரித்தபடி சொன்னால் போதும். பெரும்பாலானவர்கள் அடுத்த வாரம் உங்களுக்கும் சேர்த்து டீ போட்டு எடுத்து வருவார்கள். இந்த நாட்டில் அதற்கு மேல் நட்பை அறிவிக்கும் வழக்கம் கிடையாது.

அவர்கள் சொல்லும் கதைகளையும் நம்பிவிடாதீர்கள். பழைய லண்டன் பாலத்தை 1968இல் ராபர்ட் மெக்கலாக் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 24 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். கற்களுக்கு எண் போட்டுப் பிரித்து, அரிசோனாவின் லேக் ஹவாசு நகரில் திரும்பக் கட்டினார். கோபுரங்களோடு நிற்கும் டவர் பாலம் என்று நினைத்து அந்த மண்டு ஏமாந்துபோனான் என்று இன்றும் இங்கே சொல்லிச் சிரிப்பார்கள். அது கட்டுக்கதை. எதை வாங்குகிறோம் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். பாலைவனத்தில் தாம் உருவாக்கிய ஊருக்கு ஆளைச் சேர்க்கத்தான் அதை வாங்கினார், ஆட்களும் வந்தார்கள். அதேபோல, ஆங்கிலேயர்களுக்குப் பல் சொத்தை என்று அமெரிக்கர்கள் சொல்வார்களே, அதுவும் நிற்காது. 2015இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இங்கிலாந்துக்காரர்களின் பற்கள் அமெரிக்கர்களின் பற்களைவிட மோசம் இல்லை என்று கண்டது. விழுந்த பற்களின் சராசரி அமெரிக்காவில்தான் அதிகம்.

இப்போது உங்களிடமும் ஒரு சண்டை. “உள்ளே ஒன்று வெளியே ஒன்று” என்று ஒரு நாட்டையே ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. சான் அன்டோனியோவில் பழகிய பார்வை அது. அங்கே உணவகத்தில் பரிமாறும் பெண் வாய் நிறையச் சிரித்து “எப்படி இருக்கிறீர்கள்?” என்பாள். அதைப் போலிச் சிரிப்பு என்று பிரிட்டிஷ்காரர் சொல்வார். டெக்சாஸில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட்தான், மிச்ச வரும்படி டிப்ஸில் வர வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பில் ஒரு வீட்டு வாடகை இருக்கிறது.

அதேபோல பிரிட்டிஷ்காரர் அடக்கி வாசிப்பதிலும் ஒரு நேர்மை உண்டு. கேட்கும் காது வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காது இல்லாமல் உயிரே போயிருக்கிறது. 1951 ஏப்ரலில் கொரியாவில், இம்ஜின் ஆற்றங்கரையில், ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி கேட்டபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் “கொஞ்சம் சிக்கலாகத்தான் இருக்கிறது” என்ற தொனியில் பதில் சொன்னார் என்பார்கள். இன்னொரு ஆங்கிலேயருக்கு அது “அழிந்துகொண்டிருக்கிறோம்” என்று கேட்டிருக்கும். அமெரிக்கருக்குச் சமாளித்துவிடுவார்கள் என்று கேட்டது. உதவி வந்து சேரவில்லை. குளோஸ்டர்ஷயர் ரெஜிமெண்டின் அந்தப் பட்டாளத்தில் பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். ஆகவே உங்கள் மேலாளர் “மோசமில்லை” என்றால் மனம் வாடாதீர்கள், அது பாராட்டு. “சுவாரசியமான யோசனை” என்றால் மட்டும் கொஞ்சம் கவலைப்படுங்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே உங்கள் கணவரோடு நான் ஒத்துப்போகவில்லை.

பேச்சைப் பகடி செய்வதும் பர்கர் கேள்வியும் ஒரு வகை. இந்த ஊரில் ஒருவரைக் கேலி செய்வது பல சமயம் அவரைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் சடங்கு. பதிலுக்கு அவள் என்ன சொல்கிறாள் என்று காத்திருப்பார்கள். போர்க்காலத்து அமெரிக்கச் சிப்பாய்களின் கதையைச் சொல்லச் சொன்னது இதற்காகத்தான். “மூன்று வேளையும் பர்கர்தானா?” என்றால், “இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவித்த உருளைக்கிழங்கைச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வோம், உங்களைப்போல” என்று அவள் சொல்லட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அவளே யோசிக்கட்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இதில் நம்மைவிடத் தேர்ச்சி அதிகம். உச்சரிப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லவும் வேண்டாம். அந்த வயதில் சேர்க்கையைப் பார்த்து அது தானே மாறினாலும் மாறும், மாறாவிட்டாலும் குறையில்லை. வீட்டில் நீங்கள் யாரும் அதைத் திருத்தாமல் இருந்தாலே போதும்.

துப்பாக்கி விரல் வேறு வகை. அதை இதோடு சேர்க்காதீர்கள். 2022 மே 24 அன்று உவால்டி ஊரின் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நீங்கள் இருந்த சான் அன்டோனியோவிலிருந்து அது சுமார் 130 கிலோமீட்டர். இறந்த பிள்ளைகளுக்கு அன்று உங்கள் மகளின் வயதுதான். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூச்சுக் காட்டாமல் தரையில் உட்காரும் பயிற்சியை அவளும் பள்ளியில் செய்திருப்பாள். அந்தப் பையனுக்கு இது வெறும் செய்தி, அவளுக்கு வகுப்பறை. அவன் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் நாட்டிலும் இது நடந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான், 1997இல், இங்கே கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்கத் துப்பாக்கிகளைப் பற்றி அத்தனை அழுத்தமாகப் பேசுவதற்குப் பின்னால் அந்த நினைவும் உண்டு. ஆனால் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் போய், “சிரித்துவிட்டுப் போ” என்று எப்படிச் சொல்வது? அதைக் கேட்டபின்தான் அவள் கையைத் தூக்குவதை நிறுத்தினாளா என்று மெல்ல விசாரியுங்கள். அவள் தரப்பில் வீட்டில் யாரும் இல்லை என்று தோன்றியிருந்தால், அந்தக் கேலியைவிட இதுதான் அவளை அதிகம் வருத்தியிருக்கும். உங்கள் கணவருக்கு இந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

இந்த வாரமே பள்ளிக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அவளுடைய வகுப்பாசிரியருக்கு ஒன்று, அந்த ஆண்டு மாணவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு ஒரு நகல். என்ன சொன்னான், என்ன சைகை காட்டினான், எந்த நாள், யார் கூட இருந்தார்கள் என்று சுருக்கமாக. அமெரிக்காவையும் பிரிட்டனையும் பற்றிய உங்கள் கருத்துகள் அதில் வேண்டாம். அரசுப் பள்ளிகளில் கொடுமைப்படுத்தலைத் தடுப்பதற்கான நடவடிக்கைகளைச் சேர்த்த நடத்தைக் கொள்கை ஒன்று இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்குங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் ‘இனம்’ என்பதில் தோல் நிறத்தோடு நாட்டினத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே, “அமெரிக்கர் என்று சொன்னதெல்லாம் ஒரு குற்றமா?” என்று யாராவது நழுவப் பார்த்தால் நீங்கள் தயங்க வேண்டாம். பையனைத் தண்டிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். யாராவது பெரியவர் அவனை உட்காரவைத்து அந்தச் சைகைக்கு என்ன பொருள் என்று பேசினால் போதும் என்று எழுதுங்கள். பெரும்பாலும் அதற்கே காரியம் முடியும். மகளிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவளுக்குத் தெரியாமல் அனுப்பினால் அது இன்னொரு தலைகுனிவு.

கணவரின் அண்ணனைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. வெள்ளைக்காரன் கேலியில் பழைய உறவு, பழைய கடன், பழைய தோல்வி எல்லாம் இருக்கிறது என்று இவ்வளவு நேரம் பரிந்து பேசினேன். இவருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. இருபது வருடத்துக்கு முன் இவர் வந்து இறங்கியபோது இவருடைய ஆங்கிலத்தை யாரும் மெச்சியிருக்க மாட்டார்கள். அடுத்த முறை எல்லார் முன்னாலும் அவர் ஆரம்பித்தால், நீங்களும் எல்லார் முன்னாலேயே சொல்லுங்கள்: “பெரியவரே, உங்கள் தம்பி மகள் சத்தமாகப் பேசியே பல மாதம் ஆகிறது. நீங்கள்தான் கொஞ்சம் பேச வைக்க வேண்டும்.”