பாம்பனில் இரண்டு ‘ப’, இரண்டு ஒலி

கேள்வி: வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து, கீழக்கரையில் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். ‘பாம்பன்’ என்று எழுதினால், “இரண்டும் ஒரே எழுத்துதானே, ஏன் வேறு வேறாகப் படிக்கிறீர்கள்?” என்று மடக்குகிறாள். இரண்டாவது ‘ப’வுக்கு அடியில் கோடு போட்டுப் பழக்கலாமா?

பதில்: கோடு வேண்டாம். பள்ளிப் புத்தகத்தில் அந்தக் கோடு இருக்காது. பிறகு அதை மறக்கவைப்பது தனி வேலை. ஆனால் அவள் காது கெட்டிக்காரக் காது. பாம்பன் ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலம் இந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்துகளைச் செலவழிக்கிறது. தமிழில் எழுத்து நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடும்.

சொல்லின் முதலிலும், இரட்டிக்கும் இடத்திலும் வல்லினம் வன்மையாக ஒலிக்கும். மெல்லினத்தை அடுத்தும், இரண்டு உயிரொலிகளுக்கு நடுவிலும் இளகும். ‘தங்கச்சிமடம்’ ஒன்றே போதும்: ‘த’ வன்மை, ‘ங்’குக்குப் பின் ‘க’ இளக்கம், ‘ச்சி’ வன்மை, ‘ட’ இளக்கம். குரல்வளையில் விரல் வைத்து ‘பாம்பன்’ என்று மெல்லச் சொல்லச் சொல்லுங்கள். முதல் ‘ப’வுக்கு உதடு மூடும்போது அதிர்வு இராது. ‘ம்’மில் தொடங்கும் அதிர்வோ அடுத்த ‘ப’விலும் அறுபடாமல் ஓடும். இளகுவதற்குக் காரணம் அதுதான்.

தேவிபட்டினத்தை மட்டும் பிறகு சொல்லிக்கொடுங்கள். அது இரண்டு விதியையும் மீறுகிறது. ‘தேவி’ வடசொல்லாதலால் முதலெழுத்தே இளகி ஒலிக்கிறது. ‘பட்டினம்’ தனிச்சொல்லாக வந்து ஒட்டியதால், நடுவில் நின்றும் அதன் ‘ப’ இளகவில்லை.

உங்கள் ஊரிலேயே இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அரபியில் வன்மையான ‘ப’ ஒலி கிடையாது. இளகியது மட்டுமே உண்டு. அதனால் தமிழை அரபு எழுத்தில் எழுதியவர்கள் ப, ட, ண போன்றவற்றுக்கு அரபு எழுத்துகளில் குறிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களை உண்டாக்கிக்கொண்டார்கள். கீழக்கரையில் வாழ்ந்த மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அந்த அரபுத்தமிழிலும் எழுதினார். வீட்டில் பெரியவர்களிடம் பழைய ஏடு இருந்தால் மகளுக்குக் காட்டுங்கள்.

பஸ், பீடி, டஜன் போன்ற வந்த சொற்களுக்கு விதி உதவாது; கேட்டுப் பழகட்டும். ‘ஃபாத்திமா’வில் மட்டும் ‘ஃ’ கைகொடுக்கும்.