சர்க்கரை நோயுள்ள அப்பாவைத் தீவுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கூடவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், டபாகிளிஃப்ளோசின் மாத்திரைகள், பிரஷருக்கு டெல்மிசார்டன். பாதம் இரண்டும் மதமதவென்று இருப்பதாகச் சொல்வார். புண் எதுவும் இல்லை. ஜனவரியில் அந்தமானின் ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) தீவில், கூட்டமில்லாத ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நான்கு நாள் தங்கப் போகிறோம். அவரை அழைத்துப் போகலாமா? இன்சுலினை எப்படிக் கொண்டுபோவது? கடலில் இறங்கலாமா? தம்பி அவரை ஸ்கூபா டைவிங் கூட்டிப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.
— வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள். ஜனவரியில் அங்கே கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஸ்கூபா மட்டும் வேண்டாம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அமைதியான தீவு என்றால் மருத்துவமனையும் தூரத்தில் என்று அர்த்தம். ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் கடல் தாண்டி போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். திருச்சியில் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடுகிற விஷயத்தை அங்கே விடக் கூடாது. அப்பா விஷயத்தில் அப்படி விடக் கூடாதவை இரண்டு: தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடுவது), பாதம்.

முதலில் சர்க்கரை. அந்தமானிலும் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் திருச்சியைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முந்தி உச்சிக்கு வந்துவிடும். ஆறு மணிக்கு முன்பே விடியும், மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். அதனால் எல்லோரும் சீக்கிரமே எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அப்பாவும் வழக்கப்படி ஊசியைப் போட்டுக்கொண்டு, 'டிபனுக்கு நேரமிருக்கிறதே' என்று கிளம்புவார். போட்ட ஊசி வேலையைத் தொடங்கியிருக்கும், வயிறு காலி, கூடவே மணலில் நடை. வெயிலில் தோல் சூடேறினால் இன்சுலின் இன்னும் வேகமாக ரத்தத்தில் கலக்கும். வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் எல்லாம் வந்தாலும் வெயிலால் என்றே நினைத்துக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் சர்க்கரையை முதலில் கொடுத்துவிடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

ரிசார்ட் சமையலறை நிதானமாகத்தான் ஓடும். அங்கே ஊசிக்கு நேரம் பார்க்க வேண்டாம். சாப்பாடு வருவது உறுதியான பிறகு போட்டால் போதும். நான்கு நாளைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இருந்தாலும் பரவாயில்லை, இறங்கத்தான் கூடாது. கப்பலில் போகிற நாளும் இப்படித்தான். ஊசி போட்டு, சாப்பிட்டு, அலையில் அத்தனையும் வாந்தி எடுத்தால் சிக்கல். அன்றைக்கு எவ்வளவு டோஸ் என்பதை அவருடைய மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரையையும் அவரிடமே கேளுங்கள். புராஸ்டேட் தொல்லை இருப்பவர்களுக்குச் சில மாத்திரைகள் சிறுநீரை அடைத்துவிடும்.

இன்சுலின், ஊசி, மருந்துச் சீட்டு எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். விமானத்தில் லக்கேஜில் போட்டுவிட வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினை 30 டிகிரிக்கு மிகாத அறையில் சுமார் நான்கு வாரம் வைக்கலாம். திறக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ரிசார்ட் அறையின் குட்டி ஃபிரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்தது உருகினாலும் உதவாது. ஐஸ் கட்டியோடு சேர்த்துக் கட்டினாலும் அதே கதைதான். கடற்கரைக்கு எடுத்துப்போகும் பையில் இன்சுலின் வேண்டவே வேண்டாம். டெஸ்ட் ஸ்ட்ரிப் டப்பாவை இறுக மூடி வையுங்கள், ஈரக்காற்று அதைக் கெடுக்கும். மாம்பழமோ அன்னாசியோ தொட்ட விரலில் சோதித்தால் இல்லாத சர்க்கரையைக் காட்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

அடுத்தது பாதம். எனக்குக் கடலைவிட இதில்தான் பயம் அதிகம். மதமதப்பு உள்ள பாதத்துக்கு மணலின் சூடு தெரியாது. நீங்கள் துள்ளிக்கொண்டு ஓடுகிற மணலில் அவர் நிதானமாக நடந்து போவார், கொப்புளம் இரவில்தான் கண்ணில் படும். அதனால் வெறுங்கால் நடை கிடையாது. மணலிலும் சரி, தண்ணீருக்குள்ளும் சரி. பட்டை வைத்த செருப்பு ஒன்று, தண்ணீரில் போட ஷூ ஒன்று. இரண்டையும் ஊரிலேயே ஒரு வாரம் போட்டுப் பழகட்டும். ஈர ஷூவுக்குள் சிக்கிய ஒரு மணல் பருக்கை போதும் தோலை உரிக்க. தினமும் இரவு அவர் பாதத்தை நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள், விரலிடுக்கு உட்பட. 'ஒன்றுமில்லம்மா' என்பார், கேட்காதீர்கள்.

பவளப்பாறை கீறினால் குடிநீரை நிறைய ஊற்றிக் கழுவி, துகள் இருந்தால் எடுத்துவிட்டு, சுத்தமான துணியால் கட்டுங்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் இருக்கும் விப்ரியோ வகைக் கிருமிகள் சர்க்கரை நோயாளிகளிடம் சில மணி நேரத்திலேயே வேகமாகப் பரவக்கூடும். சிவப்பு பரவினாலும், கொப்புளம் எழும்பினாலும், காய்ச்சல் வந்தாலும், காயத்தின் அளவுக்கு மீறி வலித்தாலும் இரவு எத்தனை மணியானாலும் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கிளம்பும் நாளில் காலில் சின்னப் புண் இருந்தால்கூடக் கடலில் இறங்க வேண்டாம். பத்து ஆண்டுகளுக்குள் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டிருக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள்.

டபாகிளிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்கு ஈர டிரவுசரோடு உட்கார்ந்திருந்தால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும். குளித்ததும் மாற்றச் சொல்லுங்கள். இதையெல்லாம் அப்பாக்கள் மகளிடம் சொல்ல மாட்டார்கள், தம்பி கேட்கட்டும். வாந்தியும் பேதியும் நிற்காமல் போனால் இந்த மாத்திரை, மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் மூன்றையும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். போனில் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

கடலில் இறங்கலாமா என்றால், இடுப்பளவு தண்ணீரில், டிபன் முடித்த பிறகு, பக்கத்தில் ஆளோடு இறங்கலாம். இறங்கும்முன் சர்க்கரை பாருங்கள். 120-க்குக் கீழே என்றால் இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு இறங்கட்டும். வெயில் ஏறும் முன், காலை ஒன்பதரைக்குள் கரையேறிவிடுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் யாருமே இறங்க வேண்டாம், அது வேடிக்கைக்கு வைத்த பலகையல்ல.

ஸ்கூபா வேண்டாம் என்பதற்குக் காரணம், தண்ணீருக்கடியில் சர்க்கரை இறங்கினால் அவரால் சொல்லவும் முடியாது, எதையும் வாயில் போடவும் முடியாது. இந்த வயதில், பதினைந்து வருட சர்க்கரையோடு, இதயத்தையும் விழித்திரையையும் பரிசோதிக்காமல் அந்தப் பேச்சே கூடாது. தம்பி தாராளமாகப் போகட்டும். கடைசி டைவிங்குக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடையில் 18 மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் போடச் சொல்லுங்கள்.