பழைய குப்பைமேட்டு மண் கெட்டிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்மண்ணை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மேலே இருப்பது பெரும்பாலும் பிற்பாடு கொட்டி மூடிய மண்தான். முதலில் பழைய வரைபடங்களில் எங்கே என்ன கொட்டினார்கள் என்று தேடுவார்கள். அப்புறம் துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் மாதிரி எடுப்பார்கள். கறுத்த மண், டீசல் வாடை தென்பட்டால் அங்கே கூடுதலாக எடுக்க வேண்டும். எளிதில் ஆவியாகும் ரசாயனங்களுக்கான மாதிரியை உடனே கண்ணாடிப் புட்டியில் அடைத்து ஐஸில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். ஈயம், காட்மியம், எண்ணெய்ப் பொருள்களையும் சோதிப்பார்கள்.

என்னைக் கேட்டால், நிலத்தடி நீரைத்தான் அதிகம் கவனிக்கவேண்டும். 1999இல் மூடிய சிங்கப்பூரின் லோரோங் ஹாலுஸ் குப்பைமேட்டில், குப்பையில் ஊறிய கசிவுநீர் சிராங்கூன் நீர்த்தேக்கத்துக்குள் போகாமல் தடுத்து, நாணல் படுகைகளில் சுத்திகரிக்கிறார்கள். குப்பை மக்கும்போது உண்டாகும், தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயுவை அளக்காமல் அப்படிப்பட்ட நிலத்தில் கட்டடம் எழுப்பவே கூடாது.