டீசல் வானை வித்திட்டு கறண்ட் வானோடை கேம்பிங் போகலாமோ? கேட்டதும் சொன்னதும்

கிழமைக்கு நாலஞ்சு பேராவது இதையே கேக்கினம். 2022இலை டீசலுக்கு வானுக்குள்ளையே படுத்தெழும்பின சனம் எல்லே, அந்தப் பயம் இன்னும் போகேல்லை, பேந்து 2025 பெப்ரவரியிலை வாகன இறக்குமதியைத் திரும்ப விட்டாப்பிறகு கேள்வி இன்னும் கூடிப்போச்சு. நான் வாகன கறண்ட் வேலை செய்யிறவன். முந்தி ஒரு டொல்பின் ஹையேஸ் டீசல் வானுக்குள்ளை கட்டில் அடிச்சு வைச்சிருந்தன், இப்ப 40 யூனிற் (kWh) பற்றறி உள்ள நிசான் ஈ-என்வி200 கறண்ட் வான்.

அண்ணை, 40 யூனிற் வானிலை மன்னார் போய் வரலாமோ? விக்கிறவர் 300 கிலோமீற்றர் ஓடும் எண்டுறார். (கோண்டாவில்)

அந்த 300 ரவுணுக்குள்ளை மெல்லமா ஓடினால் வாற கணக்கு, கொம்பனியே எல்லா றோட்டுக்கும் சேத்துச் சொன்னது 200தான். மூண்டு பேர், தண்ணிக் கான், அடுப்பு, ஏசி எல்லாத்தோடையும் 160, 170 எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. யாழ்ப்பாணத்திலையிருந்து பூநகரியாலை ஏ32 றோட்டைப் பிடிச்சால் மன்னார் ஒரு 115, 120 கிலோமீற்றர். அப்ப போகலாம், ஆனால் சார்ஜ் போடாமல் திரும்பி வரேலாது.

ஒருத்தரும் யோசிக்காத ஒண்டு சோழகக் காத்து, தென்மேற்கிலையிருந்து அடிக்கிறது. எங்கடை பக்கம் மேடு பள்ளம் இல்லை, ஆனால் வைகாசியிலையிருந்து புரட்டாதி மட்டும் மன்னார் போறதெண்டால் காத்துக்கு நேரை நெஞ்சைக் குடுத்துத்தான் போகவேணும். நீங்கள் 60இலை ஓடேக்கை எதிர்க்காத்து 25இலை அடிச்சால் வானுக்கு அது 85, காத்து தள்ளுற பாரம் ரெண்டு மடங்கு. நான் ஒரு ஆடி மாசம் 100 வீதத்தோடை வெளிக்கிட்டு, சங்குப்பிட்டிப் பாலம் தாண்டின உடனை நம்பர் விழுந்த வேகத்தைப் பாத்து ஏசியை நிப்பாட்டி, மன்னார் போய்ச் சேரேக்கை 17. ரெண்டு இரவு சொந்தக்காரர் வீட்டிலை சார்ஜ் போட்டு 100 ஆக்கி, அதே றோட்டாலை அதே சாமானோடை ஏசியும் போட்டுக்கொண்டு வந்தன், வீட்டு வாசலிலை 34 நிண்டது. டீசல் வானிலையும் இந்தக் காத்து அடிச்சதுதான், நாங்கள் கவனிக்கேல்லை. கூரையிலை ரென்ற் கட்டிக்கொண்டு போற ஆக்கள் இன்னும் குறைச்சுப் போடுங்கோ.

பெரிய பற்றறி 70 வீதம் இருக்கு, காலமை வான் ஸ்ராட் ஆகேல்லை. ஏன்? (பருத்தித்துறை)

தம்பி, இந்தப் பிழையை நானும் விட்டனான். மணல்காட்டிலை சவுக்குக்குக் கீழை நிப்பாட்டி, எல்ஈடி லைற்றையும் சின்ன பிரிஜ்ஜையும் வானின்ரை 12 வோல்ற் சின்னப் பற்றறியிலை கொழுவிப்போட்டுப் படுத்தன், விடிய சாவியை அமத்தினால் டிக் டிக் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். மற்றப் பக்கம் 30 யூனிற் சும்மா கிடக்கு. கறண்ட் வானிலையும் அந்தச் சின்னப் பற்றறிதான் கொம்பியூட்டரை எழுப்பிறது, அது செத்தால் பெரிசு இருந்தும் ஒண்டுக்கும் உதவாது. வான் ஓனிலை இருக்கேக்கை, இல்லாட்டி சார்ஜிலை நிக்கேக்கைதான் சின்னதுக்கு ஒழுங்காச் சார்ஜ் இறங்கும்.

அதாலை கேம்பிங் சாமானுக்குத் தனிப் பற்றறி போடுங்கோ. 100 ஆம்ப் அவர் லித்தியம் பொஸ்பேற் ஒண்டு கிட்டத்தட்ட 1.3 யூனிற், கூரையிலை 200 வாட் சோலர். பான், லைற், போன், பிரிஜ் எல்லாம் தாராளமா ஓடும். ஆனால் அதிலை 2000 வாட் இன்வேட்டரைப் பூட்டி ரைஸ் குக்கரும் கேத்திலும் சேத்துப் போடலாம் எண்டு நினையாதேங்கோ, 12 வோல்ற்றிலை 2000 வாட் எண்டால் 160 ஆம்ப்புக்கு மேலை இழுக்கும், மெல்லிய வயர் உருகும். சமைக்க காஸ் அடுப்பு காணும். கூழ் எண்டால் விறகுதான், அதிலை நான் விவாதத்துக்கு வரமாட்டன்.

இரவு முழுக்க ஏசி போட்டுப் படுக்கலாமோ? டீசலிலை பயமா இருந்தது. (நல்லூர், ஒரு அக்கா)

அக்கா, பயந்தது சரி. இஞ்சினை ஓடவிட்டுப் படுத்தால் புகையிலை வாற காபன் மொனொக்சைட் மணக்காது, தெரியவும் தெரியாது, ஆளைக் கொண்டுபோயிடும். கறண்ட் வானிலை அது இல்லை, நான் மாறினதுக்கு முதல் காரணமே இதுதான். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு 5, 6 யூனிற் போகும், 20, 25 கிலோமீற்றர் ஓட்டம் போச்சு எண்டு கணக்குப் பண்ணுங்கோ. வான் ஓனிலைதான் நிக்கும், அதாலை பிள்ளையள் முன்சீற்றிலை விளையாடாமல் பாருங்கோ, ஹாண்ட் பிரேக் இழுத்திருக்கோணும்.

வீட்டு பிளக்கிலை சார்ஜ் போடலாமோ? (சாவகச்சேரி)

போடலாம், 10 ஆம்ப்பிலை மணிக்கு 2.3 யூனிற்தான் ஏறும், வெறும் பற்றறி நிறைய ஒரு முழு இரவு காணாது. 32 ஆம்ப் சார்ஜர் பூட்டமுதல் வீட்டு லைனைப் பாருங்கோ, கனக்க வீட்டிலை 30 ஆம்ப் சிங்கிள் பேஸ், மோட்டரும் ஏசியும் சேர்ந்தால் ட்ரிப் ஆகும். சோலர் இருக்கிற ஆக்கள் பகலிலை போடுறது நல்லம். எர்த் சரியோ எண்டு முதலிலை ஒரு எலக்ரிசியனைக் கூப்பிட்டுப் பாக்கவேணும், அதுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

24 யூனிற் பழசு ஒண்டு மலிவா வந்திருக்கு. (மானிப்பாய்)

டாஷ்போட்டிலை பற்றறி 12 கோட்டையும் எண்ணுங்கோ, முதல் கோடு விழேக்கையே கிட்டத்தட்ட 15 வீதம் போயிட்டுது. பற்றறியின்ரை நிலையைக் காட்டுற லீஃப் ஸ்பை எண்ட போன் அப் போட்டுப் பாக்காமல் காசு குடுக்காதேங்கோ. காரைநகருக்கும் மணல்காட்டுக்கும் காணும், வவுனியாக்கு இல்லை. அறுகம்பே அடிக்கடி போறனியள் எண்டால் டீசலை வையுங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்லை.

லண்டனிலை இருக்கிறன், 2012 ஃபோக்ஸ்வாகன் டி5 டீசல் கேம்பர். மாத்தவோ? (மச்சாள்)

மச்சாள், உங்களுக்கு வேறை கணக்கு. யூரோ 6 புகைத் தரம் இல்லாத டீசலுக்கு யூலெஸ் (ULEZ) எண்ட புகை வரி ஒரு நாளைக்கு 12.50 பவுண்ஸ், 2023 ஓகஸ்ட் 29இலையிருந்து லண்டன் முழுக்க. ஃபோக்ஸ்வாகன்ரை ஐடி பஸ் (ID. Buzz) கறண்ட் வான் எண்டால் முதல் வந்ததிலையே 77 யூனிற், தாராளம். கேம்ப்சைற் கறண்ட் பெட்டியிலை வானைச் சார்ஜ் போடமுதல் அங்கை கேளுங்கோ, சில இடத்திலை விடமாட்டினம், விட்டாலும் 10 ஆம்ப்புக்குக் குறைச்சு வையுங்கோ, இல்லாட்டி பக்கத்து ரென்ற்காரற்றை கேத்திலும் நிண்டிடும்.

கசூரினா கடற்கரையிலை வானை மணலுக்குள்ளை இறக்கலாமோ?

இறக்காதேங்கோ. ஹையேசுக்குப் பின்சில்லு இழுவை, இதுக்கு முன்சில்லு, அடியிலை பற்றறிப் பாரம் வேறை. தார் முடியிற இடத்திலை விட்டிட்டு நடவுங்கோ, வீட்டை வந்து அடிப்பக்கத்தை நல்ல தண்ணியாலை கழுவுங்கோ, உப்புத் தண்ணிக் கிணறெண்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கோ.