ஆர்கான் 18, பொட்டாசியம் 19: மகள் கேட்டது நல்ல கேள்வி

வணக்கம் சகோதரி. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் 118 தனிமங்களையும் மனப்பாடம் செய்கிறாள், ஆர்கானுக்கு 39.95 இருக்க அடுத்த பொட்டாசியத்துக்கு 39.1 என்று எடை குறைவதைப் பார்த்துக் குழம்பிப்போனாள் என்று எழுதியிருந்தீர்கள்.

மனப்பாடத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சிங்கப்பூரின் ஓ லெவல் தேர்வில், வேதியியல் தாளிலேயே தனிம அட்டவணையை அச்சிட்டுத் தருகிறார்கள்.

ஆனால் அவள் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தோ பாயோவில் பல ஆண்டுகளாகத் துணைப்பாடம் எடுக்கிறேன், இதைத் தானாகக் கவனித்த பிள்ளைகள் மிகச் சிலரே. கட்டத்தில் உள்ள சிறிய முழு எண், அணு எண்: புரோட்டான்களின் எண்ணிக்கை. அட்டவணை அந்த வரிசையில்தான் போகிறது. மற்றது அணுநிறை, அதில் நியூட்ரான்களும் சேரும். ஆர்கான் அணுக்களில் பெரும்பாலானவற்றில் 22 நியூட்ரான்கள், பொட்டாசியத்தில் 20தான். அதனால் முன்னால் நிற்பது கனக்கிறது. 1869இல் தனிமங்களை எடைப்படி அடுக்கிய ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவுக்கும் டெலூரியம், அயோடின் இரண்டும் இதே தொல்லையைக் கொடுத்தன. 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர்ச் சோதனைகள் செய்த பிறகுதான் அணு எண்ணே அடிப்படை என்பது உறுதியானது.

இன்றிரவு சமையலறை உப்பை எடுத்து வைத்துக் காட்டுங்கள்; அதில் இருப்பவை சோடியமும் குளோரினும். சோடியம் 11: எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றிக் கூடு கூடாக 2, 8, 1. மூன்று கூடுகள், அதனால் மூன்றாம் வரிசை. வெளிக்கூட்டில் ஒன்று, அதனால் முதல் நெடுவரிசை. குளோரின் 17: 2, 8, 7. அது எந்த இடத்தில் இருக்கும் என்று அவளையே விரல் வைக்கச் சொல்லுங்கள்.